நாற்பத்தேழாம் நாள் ஓட்டு

மரகதவல்லி வாய் திறந்து நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பவில்லை. திருச்சியில் அவள் தெருவில், "நாக்கை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருப்பாள்" என்று பேசிக்கொண்டார்களாம்.

அவள் இருந்தது சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, சுனையடி இல்லம் என்ற தியான இல்லத்தில். அதை நடத்தியவர் இன்னாசியார். குருமடத்தில் ஒன்பது வருஷம் லத்தீனும் கிரேக்கமும் படித்துவிட்டு, குருப்பட்டத்துக்கு முந்தின மாதம் வெளியே வந்தவர். மரகதத்தைவிட மூன்று வயது இளையவர். இருந்தாலும் அவளுக்கு அவர் ஐயாதான். மனசுக்குள் அப்படிக் கூப்பிடுவாள். வெளியே கூப்பிட வழியில்லை.

விரதத்துக்குக் காரணம் அவள் தங்கை பவளவல்லி. இரண்டு வருஷத்துக்கு முன் பவளத்தின் மகள் கல்யாணத்தில், சம்பந்திகள் முன்னால், மரகதம் ஒரு வாக்கியம் சொன்னாள். ஒரே ஒரு வாக்கியம். கான்வென்ட்டில் படித்தவள், இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னாள். அன்றோடு தங்கை பேச்சு நின்றது.

ஒரு மண்டலம் மௌனம் இருப்பதாக மரகதம் நேர்ந்துகொண்டாள். நாற்பத்தெட்டு நாள். அது முடிந்து வாயிலிருந்து வரும் முதல் சொல் தங்கைக்கு. கடிதத்தில் அப்படியே எழுதினாள். பவளம் ஒரு வரியில் பதில் போட்டாள்: நாற்பத்தொன்பதாம் நாள் வருகிறேன், அதற்குள் ஒரு சொல் வேறு யாருக்காவது போயிருந்தால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன்.

அக்காவுக்கு ஏற்ற தங்கை.

இல்லத்துக்குப் பின்னால் பாறையிடுக்கில் ஒரு சுனை. கீழே இருக்கும் கீழ்க்காட்டு ஊர்ப் பெண்கள் விடிந்ததும் குடத்தோடு அங்கே வருவார்கள். ஊரில் பஞ்சாயத்துக் குழாய் மூன்று நாளைக்கு ஒருமுறை இருமும். தண்ணீர் வருவது அதன் இஷ்டம். பெண்கள் வந்தால் பேச்சும் வரும். யார் வீட்டில் யார் அடித்தார்கள், யார் மகள் பத்தாவது பாஸ் ஆனாள், எந்தத் தோட்டத்தில் கங்காணி கை நீட்டினான், எல்லாம். மரகதம் தினமும் அந்தப் பாறையில் போய் உட்கார்ந்து கேட்பாள். பதில் சொல்லாத ஒருத்தி கிடைத்ததில் அவர்களுக்குக் கொள்ளை சந்தோஷம். சின்னப்பொண்ணு என்பவள் மட்டும் அவ்வப்போது சந்தேகப்பட்டு, "யக்கா, நெசமாவே பேச வராதா, இல்ல எங்ககிட்டதான் வராதா?" என்று கேட்பாள்.

சுனைப் பேச்சு நல்லசிவத்துக்குப் பிடிக்கவில்லை.

நல்லசிவம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் தேர்தல் வேலை பார்த்தவர். கள்ள ஓட்டு போட வந்தவனை அவன் நடையை வைத்தே பிடிப்பேன் என்பார். தியானம் கற்க மலைக்கு வந்தார். கண்ணை மூடினால் சின்னப்பொண்ணு குரல் கேட்டது. சுனைப் பாதைக்கு ஒரு கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிடலாம், கீழே இரண்டு மைலில் ஓடை இருக்கிறது, அவர்கள் அங்கே போகட்டும் என்று யோசனை சொன்னார். சொன்னதோடு விடாமல் அவசரச் சபை கூட்ட மனுக் கொடுத்தார்.

இல்லத்தில் தங்கியிருப்பவர்களின் சபை அது. அதற்கு ஒரு விதி உண்டு. இன்னாசியாரே பதினொரு வருஷத்துக்கு முன் தன் கையால் சுவரில் எழுதியது. சபையில் அவரவர் தம் வாயால் உடன்பாடு அல்லது மறுப்பு என்று சொல்லவேண்டும். சொல்லாதிருப்பவர் உடன்பட்டவராகக் கொள்ளப்படுவார்.

சபை வழக்கமாகத் தை மாதம் கூடும். மௌனம் இருப்பவர்கள் எல்லோரும் ஆடியில் இருப்பார்கள். அதனால் இதுவரை இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதில்லை. இது ஆடி மாதம். மௌனத்துக்காகவே கட்டிய இடத்தில் மௌனத்துக்கு ஓட்டு இல்லை என்பது அன்றுதான் எல்லோருக்கும் உறைத்தது.

சபை உறுப்பினர் பதின்மூன்று பேர். சாப்பாட்டுப் பந்தியில் பேச்சு அடிபட்டதை வைத்து மரகதம் கணக்குப் போட்டாள். அந்தப் பக்கம் ஆறு. இந்தப் பக்கம் ஆறு. பதின்மூன்றாவது ஆள் அவள். அவள் பேசாமல் இருந்தால் சுனைக்குப் பூட்டு விழும்.

எழுதிக் கொடுத்தால் ஆகாதா என்று சிலேட்டில் எழுதி நல்லசிவத்திடம் காட்டினாள். ஆகாது, வாய்மொழிதான் விதி என்றார். வேறொருவர் எனக்காகச் சொன்னால்? ஒருத்தர் ஓட்டை இன்னொருத்தர் போடுவதைத் தடுக்கத்தான் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினேன் என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து பாடம் எடுத்தார். மகனோடு ஸ்டுட்கார்ட்டில் எட்டு மாதம் இருந்தவர். ஜெர்மன்காரன் ஓட்டை ஷ்டிம்மெ என்பான். ஷ்டிம்மெ என்றால் குரல். நம்ம ஊரிலும் வாக்கு என்கிறோம், அதுவும் பேச்சுதான். குரல் இல்லாமல் ஓட்டு உலகத்திலேயே கிடையாதும்மா என்றார்.

மரகதத்துக்கு அவருக்குச் சொல்ல ஏழெட்டுப் பதில் இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள். ஒவ்வொன்றும் தொண்டையில் தனித்தனியாக இறங்கியது.

அன்று மத்தியானம் இன்னாசியார் முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். மரகதம் சிலேட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஓட்டு என்றால் என்ன?

"எந்த நாட்டுல?" என்றார்.

அவள் சிலேட்டை விரலால் தட்டினாள். விளையாட வேண்டாம் என்று அர்த்தம்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "பழைய ரோமாபுரியில ஒருத்தன் மகனைக் கப்பல்ல அனுப்புவான். அனுப்பிட்டுக் கோயிலுக்குப் போவான். பையன் பத்திரமா திரும்பினா ஒரு காளை தர்றேன்னு சாமிகிட்ட நேர்ந்துக்குவான். அந்த நேர்ச்சைக்கு லத்தீன்ல வோட்டும்னு பேரு. இங்கிலீஷ், பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பெயின் எல்லாம் அங்கேருந்துதான் எடுத்துச்சு. நாம இங்கிலீஷ்காரன்கிட்ட எடுத்தோம்."

அவள் துடைத்துவிட்டு எழுதினாள்: நானும் நேர்ந்தவள்.

"ஆமா."

அப்படியென்றால் நல்லசிவம் சொன்னது பொய்யா?

"இல்ல. அதுவும் நெசம்தான். ஜெர்மன்காரன், டச்சுக்காரன், ஸ்வீடன்காரன், போலந்து, ரஷ்யா. அங்கெல்லாம் ஓட்டுக்குக் குரல்னுதான் பேரு."

அவள் எழுத எழுத பலப்பம் கிறீச்சிட்டது. நாக்கிலிருந்த காரமெல்லாம் நாற்பத்தாறு நாளாக விரலுக்கு இறங்கியிருந்தது. கான்வென்ட் கையெழுத்தில் வட்ட வட்டமாக மூன்று வரி.

நேர்ச்சையைக் காத்தால் குரல் போகும். குரலைக் கொடுத்தால் நேர்ச்சை போகும். ஐரோப்பாவில் வேறு யாரும் இல்லையா?

முற்றுப்புள்ளியில் பலப்பம் உடைந்தது.

இன்னாசியார் அதை ரொம்ப நேரம் படித்தார். பிறகு மூலையில் இருந்த குடத்தைக் காட்டினார். "தண்ணி தீந்துபோச்சு. கொஞ்சம் கொண்டுவாங்க."

மரகதம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். வாய் இருந்த காலத்தில் அந்தப் பார்வைக்குப் பின்னால் வாக்கியம் ஒன்று வரும். குடத்தை இடுப்பில் இடித்து வைத்துக்கொண்டு போனாள். கொண்டுவந்து, தண்ணீர் தெறிக்க அவர் முன்னால் இறக்கினாள்.

அவர் ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். "சுனையில என்ன இருந்துச்சு?"

தண்ணீர் என்று அரைப் பலப்பத்தால் எழுதினாள்.

"அதுக்கு அடியில?"

அவள் துடைத்துவிட்டு எழுதினாள்: கூழாங்கல்.

"கிரேக்கன் அதைத்தான் கையில எடுத்தான். வழக்கு முடிஞ்சதும் ஆளாளுக்கு ஒரு கல்லோட வரிசையில வருவாங்க. ரெண்டு ஜாடி இருக்கும். எதுல போடறாங்களோ அதுதான் தீர்ப்பு. ஓட்டுக்கு அவன் வச்ச பேரே கூழாங்கல். இன்னைக்கும் அதே சொல்தான்."

மரகதம் விதி எழுதியிருந்த சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் எழுதினாள்: நம் சுவரில் கல் இல்லை.

"இல்ல. எழுதினவன் நான்தான். அன்னைக்கு எனக்கு வாய் மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு."

மாற்றுங்கள்.

"நான் ஒருத்தன் மாத்திடலாம்னா, அப்புறம் சபை எதுக்கு?"

அவர் மறுபடி முறத்தை எடுத்தார். மரகதம் புடவைத் தலைப்பால் சிலேட்டைத் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள், நாற்பத்தேழாம் நாள், காலைச் சாப்பாடு முடிந்ததும் சபை கூடியது. நடுவில் குத்துவிளக்கு. விளக்கின் முன்னால் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் புதுப் பூட்டு ஒன்று, வாய் திறந்தபடி. முடிவானவுடன் கொண்டுபோய் மாட்டிவிடலாம் என்று நல்லசிவம் வைத்தது. ஏற்காட்டுக் கடையில் அதைப் பார்த்து வாங்கியவர் தர்மலிங்கம், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவரும் நல்லசிவம் பக்கம்தான். காலைத் தூக்கம் கெடுகிறது என்பது அவர் கட்சி.

இன்னாசியார் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சபையில் ஓட்டு கிடையாது. அதுவும் அவரே எழுதியதுதான்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். உடன்பாடு. மறுப்பு. மறுப்பு. உடன்பாடு. நல்லசிவம் குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பன்னிரண்டு பேர் முடிந்தபோது இரண்டு பக்கமும் ஆறு ஆறு.

"மரகதம்மா," என்றார். குரலில் மரியாதை குறையவில்லை. "சொல்லணும்னா சொல்லலாம். உங்க விருப்பம்."

அவள் எழுந்தாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அந்த ஒரு சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. நான்கே எழுத்து. பின்னால் ஜன்னல் வழியாகச் சுனைப்பக்கம் குடம் பாறையில் மோதும் சத்தமும், சின்னப்பொண்ணு யாரையோ திட்டும் சத்தமும் வந்தது. அவள் உதடு பிரிந்தது. நல்லசிவத்தின் பேனா நின்றது.

அவள் உதட்டை மூடினாள்.

"பேசலைன்னா உடன்பாடு," என்று நல்லசிவம் பேனாவைக் குறிப்பேட்டில் வைத்தார்.

மரகதம் விளக்கின் பக்கம் நடந்தாள். மூடியிருந்த வலது கையைத் தட்டின் மேல் நீட்டித் திறந்தாள். கொண்டைக்கடலை அளவு ஒரு கூழாங்கல் தட்டில் விழுந்து ணங்கென்றது. சபைக்கு வரும் முன் சுனையில் கைவிட்டு எடுத்தது. ஈரம் கூடக் காயவில்லை.

"இது என்னம்மா?" என்றார் நல்லசிவம். "கல்லு உடன்பாடுன்னு சொல்லுமா, மறுப்புன்னு சொல்லுமா?"

அவள் கல்லை எடுத்தாள். பூட்டை எடுத்தாள். வளையத்தின் கால் இறங்கும் துளையில் கல்லை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். பூட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

நல்லசிவம் வளையத்தை அழுத்தினார். இறங்கவில்லை. தலைகீழாகத் திருப்பித் தரையில் தட்டினார். கல் விழவில்லை. மறுபடி இரண்டு கையாலும் அழுத்தினார். சபையே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது தர்மலிங்கம். அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"செல்லாது," என்றார் நல்லசிவம். "அவங்க வாய் திறக்கலை. விதிப்படி ஏழுக்கு ஆறு."

"முப்பத்தி மூணு வருஷம் வண்டியில போயிருக்கேன் சார்," என்றார் தர்மலிங்கம். "ஏறினதுலேருந்து எறங்கறவரைக்கும் வாயே திறக்காத ஆளு எத்தனையோ பேரு. கையை நீட்டுவான், டிக்கெட் கிழிச்சிருக்கேன். நீ பேசலை, அதனால நான் சொல்ற ஊர்லதான் எறங்கணும்னு ஒருத்தன்கிட்டயும் சொன்னதில்ல."

"அதுக்கு இங்க விதி இல்லையே."

"சரி, விதிப்படியே வர்றேன். என் வாயாலயே சொல்றேன். நான் சொன்னதை மாத்திக்கிறேன். மறுப்பு. இப்ப எண்ணுங்க."

நல்லசிவம் எண்ணினார். மரகதத்தின் மௌனத்தைத் தன் பக்கம் சேர்த்தால் ஆறுக்கு ஏழு. கல்லை அந்தப் பக்கம் சேர்த்தால் ஐந்துக்கு எட்டு. எப்படி எண்ணினாலும் பூட்டு தோற்றது. முப்பது வருஷம் ஓட்டு எண்ணியவர், இரண்டு முறை சரிபார்த்தார். பேனாவை மூடினார்.

"முடிவு மறுப்பு," என்று அவரே அறிவித்தார். அது அவரிடம் இருந்த நல்ல குணம்.

சபை கலைவதற்குள் இன்னொன்றும் நடந்தது. மௌனம் இருப்பவர் இனிமேல் கல்லால் சொல்லலாம் என்று ஒருவர் எழுந்து கேட்டார். பன்னிரண்டு குரல் உடன்பாடு என்றது. அதில் நல்லசிவத்தின் குரலும் ஒன்று. இன்னாசியார் கரித்துண்டை எடுத்துப் போய்ச் சுவரில் ஒரு வரி சேர்த்தார்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் மரகதம் முற்றத்தில் நின்றாள். ஏற்காட்டு முதல் பஸ் ஏழு மணிக்கு வளைவில் நிற்கும். ஏழே காலுக்குப் பாதையில் இரைச்சல் கேட்டது. ஒருத்தி வரும் சத்தமாக இல்லை. திருவிழா வருகிற மாதிரி இருந்தது.

கீழ்க்காட்டுப் பெண்கள் மொத்தமும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் குடம், கையில் ஆளுக்கொரு கூழாங்கல். தர்மலிங்கம் முந்தின நாளே கடைத்தெருவில் கதையைச் சொல்லிவிட்டார். கண்டக்டர் வாய்க்கு மண்டலக் கணக்கெல்லாம் கிடையாது. அந்தக் கூட்டத்தின் நடுவில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, பவளவல்லி. வளைவிலிருந்து இங்கே வருவதற்குள் அத்தனையும் அவள் காதில் ஓதியாகிவிட்டது.

பெண்கள் சுனைப் பாதையில், கதவு வந்திருக்க வேண்டிய இடத்தில், கல்லை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். குவிந்துகொண்டே போனது.

பவளம் அக்காவுக்கு எதிரே வந்து நின்றாள். அவளைப் பார்க்காமல் சின்னப்பொண்ணைப் பார்த்துக் கேட்டாள். "ஒரு சொல்லாவது யாருக்காவது போச்சா?"

"எங்களுக்கே தரலீங்க," என்றாள் சின்னப்பொண்ணு. "நானும் நாப்பத்தெட்டு நாளா புடுங்கிப் பாத்துட்டேன்."

அப்புறம்தான் பவளம் அக்கா பக்கம் திரும்பினாள்.

மரகதத்தின் தொண்டை கரகரத்தது. சும்மா கிடந்த கிணற்று ராட்டினம் மாதிரி முதலில் வெறும் சத்தம்தான் வந்தது. பிறகு சொல் வந்தது.

"தப்பு என்னுது, பவளம்."

"இன்னொரு தடவை சொல்லு."

"தப்பு என்னுது."

பவளம் கைப்பையைக் கீழே வைத்தாள். "இலக்கணம் சரியாத்தான் இருக்கு," என்றாள். அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கீழ்க்காட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள். மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

முகம் கழுவிக்கொண்டு மரகதம் இன்னாசியாரிடம் வந்தாள். அவளுடைய பழைய அவசரம் குரலோடு சேர்ந்தே திரும்பியிருந்தது.

"ஐயா, இப்பவாவது நேரா சொல்லுங்க. நேர்ச்சையா, குரலா, கல்லா? மூணுல எது ஓட்டு?"

அவர் பதில் சொல்வதற்குள் நல்லசிவம் வந்து நின்றார். கையில் குறிப்பேடு. வேட்டி நுனி நனைந்திருந்தது. கற்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். யாரும் எண்ணச் சொல்லவில்லை.

"அறுபத்தி ரெண்டுங்க ஐயா. ரெண்டு தடவை பாத்துட்டேன், கள்ள ஓட்டு ஒண்ணுமில்ல." குறிப்பேட்டைப் புரட்டினார். "ஆனா இவங்க பேரு நம்ம பட்டியல்ல இல்லையே. இதை எந்தப் பட்டியல்ல சேக்கறது?"

இன்னாசியார் சுனைப் பக்கம் பார்த்தார். பெண்கள் குடத்தைச் சாய்த்து மொண்டுகொண்டிருந்தார்கள்.

"சுனை எந்தப் பட்டியலைப் பாத்துச் சுரக்குதுன்னு பாருங்க," என்றார். "அதுல சேத்துக்கங்க."